முதல் கையெழுத்து

அன்புள்ள தாவூத் அண்ணே,

திவாலான கிள்ளான் தொழிற்சாலையின் கடன்களை அடைக்க, அதன் லிக்குவிடேட்டராக நான் சாமான்களை விற்றபோது, வாடகைக்கு வந்திருந்த இயந்திரத்தையும் சேர்த்து விற்றுவிட்டேன். நியமன உத்தரவில் இருப்பது என் பெயர் மட்டும்தான்; இயந்திரத்தின் சொந்தக்காரர் கேட்கும் நஷ்டஈடும் என் தலையில்தான்.

நேற்று நம் ஃபர்மின் பார்ட்னர்கள் கூட்டத்தில் ஸ்டெஃபனி, "அது அவரோட சொந்த அப்பாயின்ட்மென்ட், ஃபர்முக்குச் சம்பந்தம் இல்ல லா" என்றார். மற்ற பார்ட்னர்களும் தலையாட்டினார்கள். நீங்கள் மட்டும், "தம்பி நம்ம ஆளாத்தானே போனாரு? நஷ்டத்த நாமதான் ஏத்துக்கணும்" என்று சொல்லி, ஃபர்மே பணம் கட்டும் தீர்மானத்தில் முதல் கையெழுத்தைப் போட்டீர்கள்; பிறகு மற்றவர்களும் போட்டார்கள்.

முன்பு ஷா ஆலம் வழக்கில் நீங்கள் இதேபோல் தனியாக மாட்டியபோது, ஸ்டெஃபனியின் இதே வார்த்தைகளை அன்று சொன்னவன் நான்.

அந்த நஷ்டத்தைக் கட்ட நீங்கள் உங்கள் செமினி வீட்டை விற்றீர்கள். என் ரவாங் வீடு இன்று என்னிடமே இருக்கிறது. அங்கே ஒரு வேளையாவது நீங்கள் சாப்பிட வரவேண்டும், அண்ணே.

நன்றியோடு,
நீங்கள் இன்னும் தம்பி என்று அழைப்பவன்