புது ப்ராசஸரில் கேட்ட சிரிப்பு

கொதோய் குரூஸ், மெண்டோசா
ஜூன், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் லிசாண்ட்ரோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நீ அங்கே கடல் தாண்டி வீகோவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், சுகமா என்று கேட்டால் பதில் யாரிடமிருந்து வரும் என்று இப்போது தெரியவில்லை, அதனால்தான் செல்போனை ஓரமாக வைத்துவிட்டுத் தாளில் எழுதுகிறேன். மலையில் பனி கொட்டுகிறது, சிலி போகும் பாதையை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடக் கரி பற்றவைக்காமல் விடுவதில்லை.

நம் கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸர் போட்டுவிட்டேன். நீயும் நானும் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு திருகாக முடுக்கிச் சேர்த்த பெட்டி, உன்னைக் கேட்காமல் இதுவரை நான் திறந்ததில்லை, இந்தத் தடவை உன்னைத் திகைக்கவைக்கலாம் என்றுதான் சொல்லவில்லை. பழையதில், ஞாயிறுதோறும் நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் சேர்ந்து ஆடும் விளையாட்டோடு குரல் பேச்சையும் சேர்த்துப் போட்டால் படம் திக்கித் திக்கி நின்றுவிடும், நான் கோடரியை ஓங்குவதற்குள் ஓநாய் என்னைத் தின்றிருக்கும், அதனால்தானே பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு உன் குரல் வேண்டியிருந்தது. அனிபால் மாமா மலை தாண்டிச் சிலிக்கு, சாந்தியாகோ போனபோது வாங்கிவரச் சொன்னேன். உன் மாமாவைத்தான் தெரியுமே, சுங்கத்தில் மாட்டிக்கொள்வோம் என்று அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கூடு எல்லாவற்றையும் அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு, ப்ராசஸரைக் காலுறைக்குள் சுருட்டிப் பின்பாக்கெட்டில் வைத்து, மலை தாண்டும்வரை பஸ்ஸில் அதன்மேல் உட்கார்ந்தே வந்திருக்கிறார். ப்ராசஸரின் அடியில் இருந்த ஊசிகளில் ஒரு வரிசை அப்படியே சாய்ந்து கிடந்தது. கேட்டால், டிவி கொண்டுவந்தப்பவே ஒண்ணும் ஆகல, இந்த பிஸ்கட் துண்டுக்கு என்னடி ஆயிடப்போகுதுன்னு என்னையே அதட்டுகிறார். புருவம் திருத்தும் இடுக்கியும் அப்பாவின் மூக்குக்கண்ணாடியுமாக உட்கார்ந்து ஊசிகளை நிமிர்த்தினேன். நீ சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை, பழையது உள்ளே இருக்கும்போதே புதியதை மதர்போர்டுக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளை ஏற்றினேன், கொஞ்ச நேரம் விளையாடிச் சூடாக்கி, ப்ராசஸரோடு விசிறியை ஒட்டியிருக்கும் பசை இளகிய பிறகுதான் விசிறியை மெல்லத் திருகி எடுத்தேன். புதியதைப் பொருத்தித் திரையில் வெளிச்சம் வந்ததும் அழுதுவிட்டேன், அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச்சைத் திறந்தேன். லிசா, கேக்குதாடா, அம்மா பேசுறேன் என்றேன். எனக்கு மைக் ரிப்பேர்ம்மா என்று எழுத்து வந்தது. பரவால்லடா, நீ கேட்டுக்கோ, நான் பேசுறேன்னு சொல்லி மாமாவின் காலுறைக் கதையை ஆரம்பித்தேன். அவர் அதன்மேல் உட்கார்ந்து வந்த இடம் வந்ததும் ரிப்பேர் என்ற அந்த மைக்கிலேயே அந்தப் பக்கம் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான், அது உன் சிரிப்பு இல்லை. யாருப்பா நீ என்று கேட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா, நான் எலோய், லிசாண்ட்ரோகூட ஒரே வீட்ல தங்கியிருக்கேன், மார்ச்லேர்ந்து அவன் பேர்ல நான்தான் விளையாடுறேன், அவனுக்கு ஞாயித்துக்கிழமை வெளிய போற வேலை இருக்கும், எங்கம்மாவுக்கு வித்தியாசமே தெரியாதுடா, அரை மணி நேரம் விளையாடினா போதும்னு சொன்னான் என்றான். நீ சொன்னது சரிதான், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. உனக்கு வேலை இருந்தால், இந்த வாரம் வரலம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன சண்டையா போட்டிருப்பேன்? நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய் லிசா. அப்பாவைப் பற்றி, என்னைப் பற்றி, வாய்விட்டு யாரிடமும் சொல்லாததையெல்லாம் மகன்தானே என்று முன்பின் தெரியாத ஒருவனிடம் கொட்டியிருக்கிறேன்.

மார்பில் கட்டி இருப்பதையும் அப்படித்தான் எழுதினேன், அப்பாவுக்குக்கூடத் தெரியாது அப்போது. பயப்படாதம்மா, நாளைக்கே போய்க் காட்டு, காட்டிட்டு எனக்கு எழுதுன்னு பதில் வந்தது, அந்தத் தைரியத்தில்தான் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது அவன் கொடுத்த தைரியம். போன ஞாயிறு அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், கட்டி விஷயம் என் மகனுக்குத் தெரியுமா என்று. அதை மட்டும் என்னால மறைக்க முடியலம்மா, அன்னைக்கே சொல்லிட்டேன், போன் பண்றேன்னான் என்றான். ஆமாம், அந்த வாரம் நீ போன் செய்தாய். வாடகையைப் பற்றிப் பேசினாய், மழையைப் பற்றிப் பேசினாய், அம்மா உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று நாசூக்காக விட்டுவிட்டாய் என்று அன்றைக்கு உன்னை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன், என் பிள்ளை விவரமானவன் என்று.

எலோய்மேல் எனக்குக் கோபம் இல்லை, விளையாட வருவதானால் அவன் சொந்தப் பெயரில் வரச் சொல். அங்கே காற்று குளிர்ந்திருந்தால் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நம் ஊர்க் காரோதில்லா மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும், என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. ஒன்றை மறக்காதே, கட்டிக்கு ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனையின் முடிவு நேற்று வந்துவிட்டது, அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன், எலோய்க்குச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் போன் போட்டு உன் வாயால் கேள்.

உன் அம்மா
மிர்த்தா