உட்கார்ந்திருந்தவளை உட்காரச் சொன்னேன்

பீர்க்கன்கரணை
8.8.2003

அன்புள்ள ஜமால்,

வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து "சிட் டவுன்" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் உன் மகள் இரம். போனில் சொன்னால் நீ சிரிப்பாயா, திட்டுவாயா என்று தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

இந்த வருஷம் பிளஸ் ஒன் இங்கிலீஷை நான் நடத்துவதில்லை. பிள்ளைகளே பேசி, விவாதித்து நடத்திக்கொள்கிறார்கள். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டுச் சுவரில் விதிகளை ஒட்டினேன். எல்லாரும் பேச வேண்டும். பாடத்திலிருந்து ஒரு வரியாவது காட்டாமல் கருத்துச் சொல்லக் கூடாது. அடுத்தவர் பேச்சை வெட்டக் கூடாது. கடைசி விதி என் சொந்தச் சரக்கு: பிறர் சொன்னதைக் கேட்டு மனசு மாறினால் அதற்கும் மார்க் உண்டு. தாம்பரத்திலேயே இப்படியொரு வாத்தியார் கிடையாது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். "அப்போ நீங்க வாயை மூடிண்டு இருக்கணுமே, முடியுமா?" என்று கேட்டுவிட்டுத் திரிபுரசுந்தரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வகுப்பைப் பார்க்கத் தாளாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. பிள்ளைகள் மரமாக உட்கார்ந்திருந்தால்? முந்தின நாளே ஒத்திகை பார்த்துவிட்டேன். பாடம், ஒரு கிழவர் தன் நாயை விற்கிற கதை. விற்றது சரி என்று ரோஹிணி பேச வேண்டும், தப்பு என்று இரம். குறுக்கே பேசிவிட்டு ஸாரி கேட்பது மொஹ்சின். குறுக்கே பேசுவதற்குக்கூட ஆள் போட்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

மறுநாள் ரோஹிணி நன்றாகவே பேசினாள். இரம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "சார், எதிர்த்துப் பேசுறதை எனக்குக் கொடுத்தீங்க. ஆனா ரோஹிணி சொல்றதைக் கேட்டா அதுதான் சரின்னு தோணுது. மாத்திக்கலாமா?"

அதற்குத்தான் அந்த "சிட் டவுன்". தாளாளர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். அன்றிலிருந்து அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. உன்னிடம் ஏதாவது சொன்னாளா? நேற்று மார்க்கெட்டில் உன் வீட்டுக்காரி ஜஹானாராவைப் பார்த்துவிட்டு வெண்டைக்காய் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

வெட்கத்துடன்,
தோத்தாத்ரி


ஷார்ஜா
21.8.2003

அன்பு மச்சான்,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை மலையாளி எட்டிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டபோது அதே கதையை இரமிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தா, நீங்க ஊருக்கே வந்துடுங்களேன்" என்றாள். ஏம்மா என்றேன். "நம்ம வீட்லயும் பாத்துக்க ஆள் இருக்குன்னு தெரியும்ல" என்றாள். அப்புறம் போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

உன்னை எனக்குக் காலேஜிலிருந்தே தெரியும். செய்த தப்பில் சிரிப்பு வருகிற பாதியை மட்டும்தான் முதலில் சொல்வாய். மீதியை எழுது.

ஜமால்


பீர்க்கன்கரணை
9.9.2003

அன்புள்ள ஜமால்,

மீதி இது. வெளியே வந்த தாளாளர் வராண்டாவில் நின்று, யார் அந்தப் பொண்ணு என்று கேட்டார். என் ஒத்திகை வெளிப்பட்டுவிட்ட பயத்தில் நான் சொன்னேன்: "அப்பா கல்ஃப்ல சார். வீட்ல பாத்துக்க ஆள் இல்லை. கொஞ்சம் மந்தம்." திரும்பினால் பின்னாலேயே இரம். அவர் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

உன் வீட்டுப் பெருநாள் பிரியாணிக்கு எனக்கென்று தனியாகக் காய்கறி போட்டுச் செய்து தருகிறவள் ஜஹானாரா. அதைத் தின்ற வாய்தான் இப்படிப் பேசியது. உன் கடிதம் வந்த பிறகு சரியாகச் சாப்பாடே இறங்கவில்லை.

நேற்று நானும் அந்த வட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒத்திகை நடத்தியது தப்பு, இரமைப் பற்றிச் சொன்னது அதைவிடத் தப்பு, அவள் செய்தது என் கடைசி விதிப்படி முழு மார்க் வாங்க வேண்டிய காரியம் என்று எல்லார் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இத்தனை நாளுக்கப்புறம், இரம் வாய் திறந்தாள்.

"பரவாயில்லை சார். மனசு மாறுறது யாருக்கும் அவமானம் இல்லை."

மொஹ்சின் கைதட்ட ஆரம்பித்தான், எல்லாரும் தட்டினார்கள். ரோஹிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் சர்வீஸில் இப்படி ஒரு வகுப்பு நடந்ததில்லை ஜமால். இனி நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
தோத்தாத்ரி


ஷார்ஜா
26.9.2003

தோத்தாத்ரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. மலையாளிக்கும் சொன்னேன், நல்ல மாஷ், அதாவது நல்ல வாத்தியார், என்றான்.

இன்று போனில் இரமிடம், அன்றைக்கு வகுப்பில் ரொம்ப நல்ல வார்த்தை சொன்னாயாம்மா என்று கேட்டேன்.

"அது சார் முந்தின நாள் சொல்லிக்கொடுத்தது அத்தா. ரோஹிணிக்குக் கொடுத்தது கண்ணைத் துடைக்கிறது."

ஜமால்