நண்பகல் மணியும் சிமென்ட் லாரியும்

பக்கத்து மனையில் புதுச் சுவருக்குத் தண்ணீர் விடுகிறார்கள். நனைந்த சிமென்ட் வாசனை ஜன்னல் வழியே வந்ததும், நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆனதை மறந்து, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துவிட்டேன். இந்த வயதில், முத்தையாபுரத்து வீட்டுக்குள் எனக்கு என்ன டியூட்டி!

எழுபதுகளில் நாம் காவல் நின்ற துறைமுக வாசல் இப்போது கனவில் கண்ட இடம் போலிருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். வெயில் ஏற ஏற நடுவில் நாம் இருவரும் கானலில் மிதந்துகொண்டிருப்போம். அலைதடுப்புச் சுவருக்காக வெளிநாட்டுக் கடனில் வந்த சிமென்ட் நமக்குப் பின்னால் கிடங்கில் அடுக்கியிருக்கும். “ஏலே, நம்ம பேரப்புள்ளைக அடைக்கப்போற கடன்லா இது” என்பாய். கல்யாணமே ஆகாதவனுக்குப் பேரப்பிள்ளைக் கவலையா என்று நான் சிரிப்பேன்.

நீ பெரியதாழைக் கடற்கரைக்காரன். நண்பகலில் மாதா கோயில் மணி காற்றில் வந்தால், தொப்பியைக் கழற்றி, நின்ற இடத்திலேயே செபம் சொல்வாய். முடியும்வரை யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

அன்று மணி அடிக்கும் நேரத்தில்தான் கிடங்கிலிருந்து அந்த லாரி வந்தது. அதிகாரி ஒருவர் தன் பங்களாவுக்கு அனுப்பிய சிமென்ட். வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு இல்லை. நீ லாரிக்கு முன்னால் போய் நின்று தொப்பியைக் கழற்றினாய். மணி ஓய்ந்தது. உன் செபம் ஓயவில்லை. பின்னாலேயே ஜீப்பில் வந்த அதிகாரி, “அவனை இழுத்துப் போட்டுட்டு கேட்டைத் திற!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். உன் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். கேட்டைத் திறந்தேன். சல்யூட் வேறு அடித்தேன். வெட்கங்கெட்டவன்.

“நாம ஆபீசருக்குக் காவலா, மூட்டைக்குக் காவலாலே?” என்று மட்டும் கேட்டாய்.

அந்த வாரமே உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். காவல் நேரத்தில் நீ கடமை தவறியதாக நான் எழுதிய தாள்தான் அவர்களுக்குச் சாட்சி.

பல வருடம் கழித்து உன்னைத் தேடி வந்தேன். வலை காயும் மணலில் என்னை உட்காரவைத்து, வறுத்த மீனை என் கையில் கொடுத்தாய். “மிரட்டி எழுதி வாங்கிருப்பானுவ. ஒனக்குப் புள்ளகுட்டி இருக்குல்லா. விடுலே” என்றாய். நான் தலையாட்டினேன். கடைசிவரை உன்னை அப்படியே நம்பவிட்டேன்.

யாரும் மிரட்டவில்லையடா. அந்தத் தாளை யாரும் கேட்கக்கூட இல்லை. என் வேலை நிலைக்கவேண்டுமென்று, நானே அதிகாரியின் அறைக்குப் போய், அவரிடமே பேனா வாங்கி எழுதினேன். நீ மன்னித்தது மிரட்டப்பட்ட ஒருவனை. அவனுக்குக் கொடுத்த மன்னிப்பை இன்றுவரை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.