கல்யாண நாளில் கடந்துபோன கல்

முழங்கையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் புதுப் பேண்டேஜ் சுருளைப் பிரித்ததும் அந்தப் பருத்தி வாசம் மூக்கில் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வலிக்கலையாம்மா?" என்றாள். வலித்தது. ஆனால் உன்னை நினைத்துவிட்டுச் சிரிக்காமல் எப்படியடி இருப்பேன்?

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையம் மில்லில் நாம் இருவரும் நூல் பரிசோதிக்கும் லேபில் இருந்தோம். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை நிச்சயமாகி, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடி முடிவதற்குள் அவர் மஸ்கட் வேலைக்குப் போயாக வேண்டும். போனால் திரும்ப இரண்டு வருஷம். அந்த நேரம் பார்த்து மாலைப் பத்திரிகை ஒன்று வாயை வைத்தது. சின்ன விண்கல் ஒன்று பூமியின் பாதையை வெட்டப் போகிறதாம், அதுவும் என் முகூர்த்த நாளில். மாமனாராக வரவிருந்தவர் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரர், பல்லி கத்தினாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர். "கல்லு விழுற நாள்ல தாலி கட்டவா? தள்ளி வைப்போம்" என்று ஆள் அனுப்பிவிட்டார்.

நான் லேபில் உட்கார்ந்து அழுதேன். இயற்பியல் படித்தவள் நீ. "ஏட்டி, கண்ணைத் தொடை. அது எந்த வழியா வருதுன்னு நான் வரைஞ்சு காட்டுதேன்" என்றாய். கல்லூரி நூலகத்தில் ஓர் அறிவியல் இதழைத் தேடிப் பிடித்து, கல்லின் பாதைக்கான எண்களை ஒரு தாளில் எழுதிவந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு முற்றத்தில் அட்டையை விரித்தாய். நடுவில் சூரியன், சுற்றிப் பூமியின் வட்டம். பிறகு இரண்டு குண்டூசியில் நூலைக் கோத்துக் கல்லின் நீள்வட்டத்தை இழுத்தாய். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. கோடும் கோடும் இரண்டு இடத்தில் பளிச்சென்று வெட்டிக்கொண்டன.

"நீயே காட்டிட்டியே தாயி, இடிக்கும்னு!" என்றார் அவர். கூடியிருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நீ அட்டையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாய்.

திங்கட்கிழமை, வேலைக்கு நடுவே அந்தத் தாளை எடுத்துப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாய். "நான் ஒரு மடச்சி! சாய்வுன்னு ஒரு எண்ணு இருக்கு, அதை விட்டுட்டேன். ரெண்டு பாதையையும் ஒரே அட்டையில படுக்க வச்சுட்டேனே!" உடனே அரைநாள் லீவு. "நேத்துப் பட்ட அவமானம் போதாதா?" என்று நான் பின்வாங்கினேன். "நேத்துத் தப்பாச் சொன்ன வாயிதான் இன்னைக்குச் சரியாச் சொல்லணும். வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாய்.

மாமனாரின் கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதே சொந்தக்காரர்கள் அங்கேயும் இருந்தார்கள். நீ அட்டையை எடுக்கவே இல்லை. குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துகொண்டு, நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் இப்படியும் அப்படியும் பாயும் நாடாக் கட்டையைக் காட்டினாய்.

"மாமா, இந்த நாடா பாவு நூலுக்குக் குறுக்கதான ஓடுது? ஏன் ஒரு இழைகூட அறுபடல?"

"பாவுல பாதி மேல, பாதி கீழ போயி நடுவுல வழி விடுதுல்லா? இதுகூடத் தெரியாதா?"

"அம்புட்டுதான் மாமா. மேலேருந்து பாத்தா வெட்டுற மாதிரிதான் தெரியும். கல்லோட பாதை சாஞ்சு கெடக்கு. நம்ம பாதைகிட்ட வரும்போது அது எம்புட்டோ கீழ போயிரும். நேத்து வரைஞ்சது என் தப்பு."

அவர் தறியை நிறுத்தினார். குனிந்து, கண்ணைப் பாவுக்கு நேராக வைத்து, அந்த இடைவெளியைப் பக்கவாட்டில் செத்த நேரம் பார்த்தார். பிறந்ததிலிருந்து தறியோடு கிடந்த மனுஷன், அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். நிமிர்ந்தவர், "எத்தனை மணிக்குத் தாயி போகும்?" என்றார்.

"காலையில பத்தரைக்கு. பந்தி நடக்கும்."

கல்யாணம் நடந்தது! பத்தரைக்குப் பந்தி நடுவே மாமனார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பரிமாறியவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். முள் தாண்டியது. "போயிருச்சுடா! பாயசத்தை ஊத்துங்க!" என்று அவர் கத்த, பந்தி முழுக்க ஒரே ஆரவாரம்.

அவர்கள் குடும்பத்தில் முதல் தாம்பூலம் வயதில் மூத்த ஆணுக்குத்தான். அன்று மாமனார் உன்னை, மூத்தவருக்குப் போட்ட நாற்காலியில் உட்காரவைத்து, உன் கையில் கொடுத்தார். ஒரு பெரியவர் முணுமுணுத்தார். "மூத்தவுக எத்தனையோ பேரு இருக்காக. தப்புன்னு தெரிஞ்சதும் அதே வாசலுக்கு மறுநாளே வந்து சொன்னவ இவ ஒருத்திதான்" என்றார் மாமனார். தாலி கட்டியபோது வராத கண்ணீர் எனக்கு அப்போதுதான் வந்தது.

நீ கண்மூடி நான்கு வருஷமாகிறது. போன மாதம் விருந்தாளிகள் முன்னால் மருமகளை அநியாயமாகக் கடிந்துகொண்டேன். இரவெல்லாம் நெஞ்சு உறுத்தியது. காலையில் அதே விருந்தாளிகள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கூடத்துக்குப் போய், "நேத்து நான் சொன்னது தப்பும்மா" என்றேன். அவள் திகைத்துப்போய், "இப்படிச் சொல்ல யாருகிட்ட அத்தை கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

உன் பெயரைச் சொன்னேன். எல்லாரும் கேட்கும்படி, சத்தமாக.