வளையத்துக்குக் கீழே

ஜூலை 3

இடுப்பில் இன்னொரு காயம். பி.டி. மிஸ் பார்த்துவிட்டு, "யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டார். "கட்டில்ல இடிச்சுக்கிட்டேன் மிஸ்" என்றேன். எந்தக் கட்டில் இடுப்பின் இரண்டு பக்கமும் சமமாக இடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. தப்பித்தேன்.

உண்மையைச் சொன்னால் மட்டும் நம்பிவிடுவாரா? காலையில் பதினொன்றாம் வகுப்பு, சாயங்காலம் மாடிக்கு மாடி பறந்து திருடன் பிடிக்கிறேன். படத்தின் கதையே அதுதான். பள்ளிக்கூடத்துப் பெண், பதினாறு வயது, பையில் புத்தகங்களுக்கு அடியில் முகமூடி. அவளாக நடிக்கும் ஹீரோயின் அக்காவுக்கு இருபத்துமூன்று. நிஜப் பதினாறு நான்தான், ஆனால் என் முகம் ஒரு ஃபிரேமில்கூட வராது. அக்கா பேசுவாள், அழுவாள், புருவத்தைத் தூக்குவாள். கயிற்றில் தொங்குவது நான். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. காஸ்ட்யூமில் சாயமும் தையலும் பார்க்கும் அம்மாதான் இதைக் கண்டுபிடித்தாள். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

நேற்று எடுத்த காட்சியில் அவள் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு யாரையோ காப்பாற்ற ஓடுகிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போகவே விடமாட்டார்கள்.

ஜூலை 9

இன்று டைரக்டரிடம் எல்லாருக்கும் வசவு. பறக்கும் உடை மெல்லிய வானநீலம். உள்ளே என் இடுப்பையும் தொடையையும் சுற்றி ஒரு நைலான் பட்டை உண்டு. அதன் இரண்டு பக்கமும் இரும்பு வளையம். வளையத்தில்தான் கயிறு மாட்டும். பட்டை பளிச்சென்ற மஞ்சள். பின்னாலிருந்து லைட் விழுந்ததும் மானிட்டரில் அப்படியே தெரிந்துவிட்டது.

"உள்ள மஞ்சளா என்னய்யா அது? சூப்பர் ஹீரோவா, கட்டி வச்ச பார்சலா?"

கயிறுகளைப் பார்த்துக்கொள்ளும் ரோப் அண்ணன் வேறு நிறத்தில் பட்டை வர நாளாகும் என்றார். டைரக்டர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். அப்போது அம்மா, "எங்கிட்ட விடுங்க சார்" என்றாள்.

ஜூலை 12

குளியலறை முழுக்க ப்ளீச் நெடி. மஞ்சள் மேலேயே நீலம் போட்டால் பச்சையாகிவிடும், அதனால் முதலில் மஞ்சளை எடுக்க வேண்டும், அதுதான் சாயவேலையில் முறை என்று அம்மா சொன்னாள். பட்டை காலையிலிருந்தே வாளியில் ஊறிக் கிடந்தது. "இன்னும் போகமாட்டேங்குது பாரு, உன்னை மாதிரியே பிடிவாதம்" என்று அதைத் திட்டிக்கொண்டே மிச்சம் இருந்த ப்ளீச்சையும் ஊற்றினாள். எனக்குக் கண் எரிந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

பிறகு கொதிக்கும் நீரில் நீலம். காய்ந்ததும் உடையின் உட்பக்கமாக வைத்து முழுக்கத் தைத்து மூடிவிட்டாள். வளையங்கள் மட்டும் வெளியே. எது துணி, எது பட்டை என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 14

டைரக்டர் மானிட்டரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கைதட்டினார். மொத்த யூனிட்டும் தட்டியது. அம்மா ஊசிப்பெட்டியைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 15

இடுப்பில் வளையம் வளையமாக நீலச் சாயம். சோப்புக்குப் போகவில்லை.

ஜூலை 18

ரோப் அண்ணனுக்கு ஒரு பழக்கம். கயிறு மாட்டியதும் வளையத்தை இரண்டு முறை சுண்டி இழுப்பார். பிறகு "போ" என்பார். அந்த "போ" வந்தால்தான் நான் குதிப்பேன். டைரக்டர் ஆக்‌ஷன் என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அசையமாட்டேன்.

இன்று விளையாட்டாகக் கேட்டேன். "பட்டையைப் பாக்கலையா அண்ணே?"

"அது இப்ப டிரெஸ்ஸோட சேர்ந்துபோச்சே. பிரிச்சா உங்கம்மா என் தலைய வாங்கிடுவாங்க. வளையத்துக்கு மேல என் பொறுப்பு, கீழ உங்கம்மா பொறுப்பு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "தையல் நான் பாத்துட்டேன். பட்டை அவர் சாமான், அவர் பாத்திருப்பாரு" என்றாள். சரிதான் என்று சாப்பிட உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் என்னவோ உறுத்துகிறது. அப்படியானால் பட்டையைப் பார்த்தது யார்?

இன்னொன்று. மூன்றாவது டேக்கில் இடுப்பருகே "டக்" என்று ஒரு சத்தம். சின்னதாக, நகம் உடைவதுபோல. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

ஜூலை 21

பாலத்து ஷாட்டை இருபத்தாறாம் தேதிக்கு வைத்துவிட்டார்கள். படத்திலேயே உயரமான ஷாட் அதுதான். கீழே ஆறு இல்லை, ரயில் தண்டவாளம். அன்றைக்குத்தான் எனக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை. வரமுடியாது என்றதும் டைரக்டர் முகம் தொங்கியது. அக்கா சட்டென்று, "நானே பண்றேன் சார். எல்லா பேட்டியிலும் நானே பறந்தேன்னு சொல்லப்போறேன், ஒரு தடவையாவது பறந்துக்கிறேன்" என்றாள். சிரிப்பு.

பிறகு தனியாக என்னிடம், "உயரம்னா எனக்கு உசிரே போயிடும்டி. கண்ணைத் திறக்கணுமா, மூடிக்கணுமா?" என்று கேட்டாள். திறந்தே வைத்துக்கொள்ளச் சொன்னேன். என் கையை விடவே இல்லை, சில்லென்று இருந்தது.

ஜூலை 24

கெமிஸ்ட்ரி மிஸ் பாலிமர் பாடத்தை மறுபடி நடத்தினார். போன வாரம் ப்ளீச்சில் ஊறப்போட்ட நைலான் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. "யாராவது இழுங்க" என்றார். முதல் பெஞ்சுக்காரி லேசாக இழுத்தாள். நனைந்த பேப்பர் போல் கிழிந்து வந்தது. வகுப்பே சிரித்தது.

"வெளியிலிருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள சங்கிலி சங்கிலியா அறுந்திருக்கும்."

நான் சிரிக்கவில்லை. இடுப்பைத் தொட்டுக்கொண்டேன்.

வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "எத்தனை வருஷமா சாயம் போடறேன், உங்க மிஸ் வந்து எனக்குச் சொல்லிக் குடுக்கணுமா? நீயே அதுல எத்தனை தடவை தொங்கின, என்ன ஆச்சு?" என்றாள். அவள் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரோப் அண்ணனிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். "சொல்றேன், சொல்றேன்."

ஜூலை 25

அம்மா சொல்லிவிட்டாளாம். "மாத்திடுவாங்க, நீ படி." அப்பாடா. சாயங்காலம் முழுக்கத் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலேயே இரண்டு பாடம் முடித்தேன்.

ஜூலை 26

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அம்மா உடையைப் பையில் மடித்து வைக்கும்போது தொட்டுப் பார்த்தேன். துணிக்கு உள்ளே அதே சொரசொரப்பு. அதே பட்டை. மேலே புதிதாக இன்னொரு வரிசைத் தையல்.

"கல்லு மாதிரி இருக்கு பாரு" என்றாள்.

"புதுப் பட்டையாம்மா?"

ஜிப்பை இழுத்து மூடினாள். "பஸ் போயிடும், கிளம்பு."

கிளம்பிவிட்டேன். கிளம்பிட்டேனே! அவ முகத்தைக்கூட ஏறெடுத்துப் பாக்கல. பாத்தா தெரிஞ்சிடும்னு எனக்கே தெரியும்.

பரீட்சை ஹாலில் முதல் பக்கம் எழுதி முடித்துத் திருப்பும்போது யூனிஃபார்ம் கையில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பயத்தை நூல் போட்டுத் தைத்திருக்கிறாள். அக்கா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு குதிப்பாள், நான் சொன்னதற்காக.

எழுந்தேன். "இப்ப போனா திரும்ப உள்ள வர முடியாது" என்றார் மேற்பார்வைக்கு வந்த சார். பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடினேன். வாட்ச்மேன் போனில் அம்மாவுக்கு அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். ஷூட்டிங்கில் போனை அணைத்துவிடுவார்கள். பஸ் ஏன் அப்படி ஊர்ந்தது?

பாலத்தின் விளிம்பில் அக்கா நின்றிருந்தாள். ரோப் அண்ணன் வளையத்தை ஒருமுறை சுண்டிவிட்டார். இரண்டாவது முறை சுண்டக் கை போகிறது. நான் கத்தியது வார்த்தையாக வந்ததா என்றே தெரியவில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"அந்தப் பட்டை ப்ளீச்சுல ஊறினதுண்ணே!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. அம்மாவைப் பார்த்தார். "ப்ளீச்சா?" அம்மா ஊசிப்பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். 

டைரக்டர், "இத்தனை நாள் தாங்கலையா? நேரம் போகுதுய்யா" என்றார். ரோப் அண்ணன் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அக்காவைக் கேரவனுக்கு அனுப்பி உடையைக் கழற்றி வாங்கினார். அதை மணல் மூட்டைக்குக் கட்டினார்.

"எவ்வளவு எடை வைக்கட்டும்?" என்று கேட்டார்.

எல்லாருடைய அளவும் அம்மாவுக்கு மனப்பாடம். "என் பொண்ணு எடைக்கு வைங்க" என்றாள். அக்கா எடைக்கு என்று சொல்லவில்லை.

மூட்டை இறங்கியது. தொங்கியது. ஒன்றும் ஆகவில்லை. டைரக்டர், "பாத்தீங்களா?" என்றார். ரோப் அண்ணன் அதை மேலே இழுத்து, நான் குதிப்பதுபோல், விளிம்பிலிருந்து விட்டார்.

கிழிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கயிறு மட்டும் லேசாக மேலே துள்ளியது, இரண்டு வளையங்களோடு. அவற்றில் ஒட்டியிருந்த துண்டில் அம்மா போட்ட புதுத் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை, பட்டைதான் பிரிந்திருந்தது. கீழே தண்டவாளத்தில் மூட்டை விழுந்த சத்தம் பிறகுதான் வந்தது.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா அப்படியே ரோட்டில் உட்கார்ந்தாள். அவள் கீழேயும் பார்க்கவில்லை. என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 27

அம்மா தையல் மிஷினை மூடிவைத்தாள். நான் கெமிஸ்ட்ரி புத்தகத்தை.

ஜூலை 30

ரோப் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு வேலை போய்விட்டது, அதைச் சொல்லத்தான் வந்தார். தனக்கும் போய்விட்டது என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னார். "நானும் பிரிச்சுப் பாக்கலையே" என்றார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வெகுநேரம் டம்ளரையே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கெமிஸ்ட்ரியில் பாஸ் மார்க் வராது. மிஸ் காரணம் கேட்டார். உங்கள் நைலான் துண்டுதான் மிஸ் என்று எப்படிச் சொல்ல? வீட்டில் ஒரு அவசரம் என்றேன். அது பொய்யும் இல்லை.

அம்மா மேல் எனக்குக் கோபம். எழுதியே வைக்கிறேன், கோபம்தான். அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்றும் அழுகை வருகிறது. இரண்டும் சேர்ந்தே வருகிறது, என்ன செய்ய.

ஆகஸ்ட் 5

இடுப்பில் நீலம் ஏறக்குறைய போய்விட்டது.

காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். நான் திரும்பவில்லை. புத்தகப்பையின் வாரில் அவள் விரல் நுழைந்தது. சுண்டி ஒருமுறை இழுத்தாள். பிறகு தோள் வலிக்கும் அளவுக்கு இன்னொரு முறை. நான் அசையாமல் நின்றேன்.

"போ" என்றாள்.