ஏழு விநாடி மிச்சம்

வேலாத்தாகாடு,
பள்ளிபாளையம் வழி.
12-2-2024

என் அம்மிணி சண்முகப்பிரியாவுக்கு,

அப்பா மயில்சாமி சொல்ல, அங்கன்வாடி மலர்விழி எழுதுவது. இங்கே நானும் இரண்டு எருமையும் நாயும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கையால் நாலு வரி எழுது. போனில் பேசினால் காதில் விழுந்ததும் போய்விடுகிறது. கடுதாசி என்றால் மலர்விழியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். (பத்துத் தடவைக்குக் குறையாமல் படிக்க வைக்கிறார், பிரியா. எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. - மலர்விழி)

சண்டிகர் நடைப் பந்தயத்தில் நீ நடந்த நேரத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு மணி இருபத்தொன்பது நிமிஷம் பதின்மூன்று விநாடி. ஒலிம்பிக்கில் சேர்க்க அவர்கள் கேட்பது இருபத்தொன்பது நிமிஷம் இருபது. ஏழு விநாடி மிச்சம்! எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் உன் நேரம் ஒன்றுகூட மறந்ததில்லை. எட்டாவது படிக்கையில் நாமக்கல்லில் மூன்று கிலோமீட்டர், பதினேழு நிமிஷம் நாற்பத்தொன்று. திருச்சியில் பத்து, ஐம்பத்து நாலு நிமிஷம் எட்டு; அன்று ஷூ கடித்து இடது குதிகால் ரத்தமாகிவிட்டது. நீ முதன்முதல் நடந்த இருபது கிலோமீட்டர் பந்தயத்தில், நடை தப்பென்று இரண்டு சிவப்புச் சீட்டு விழுந்து, மூன்றாவது விழுந்தால் வெளியே என்றார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். விழவில்லை. ஒரு மணி நாற்பத்தாறு நிமிஷம் இரண்டு.

டீக்கடையில் நம் ராசு கேட்கிறான்: "ஏனுங் மாமா, நடக்கறதுக்கு எதுக்குங் பாரீசு? நம்ம எருமைகூடத்தான் நடக்குது."

"ஒரு காலு எப்பவும் மண்ணுல இருக்கோணும். முன்னால வெக்கிற காலு முட்டி மடங்கக் கூடாது. இங்கிருந்து உங்க ஊடு வரைக்கும் அப்படி வெரசா நடந்து காட்டுடா, நான் மீசையை எடுத்துக்கறேன்" என்றேன். நடந்தான். எட்டாவது எட்டில் சாக்கடைக்குள் போய்விட்டான்.

பங்குனி மாரியம்மன் நோம்பியில் நீ தீர்த்தக்குடம் எடுப்பதாக ஆத்தாளிடம் வேண்டியிருந்தேன். கேட்டதைக் கொடுத்துவிட்டாள். குடம் எடுக்காமல் நீ பாரீஸ் போகக் கூடாது. மார்ச் 27, புதன்கிழமை. மூன்று நாள் போதும், வந்து போ சாமி.

உன் வரவு பார்த்திருக்கும்,
மயில்சாமி
(இடது பெருவிரல் ரேகை)


பெங்களூரு,
26-2-2024

பிரியமுள்ள அப்பாவுக்கு,

கோச்சிடம் கெஞ்சி மூன்று நாள் லீவு வாங்கிவிட்டேன். 25 மாலை வருகிறேன். மஞ்சள் சேலை எடுத்து வையுங்கள். அம்மாவுடையது இருந்தால் அதுவே போதும்.

ஒரு விஷயம். நான் தினமும் எந்த ஊரில், எந்த வீட்டில், எந்த ஒரு மணி நேரம் கட்டாயம் இருப்பேன் என்று ஊக்கமருந்துச் சோதனைக்காரர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிப்பார்கள். நோம்பி நாட்களுக்கு நம் வீடு, காலை ஆறிலிருந்து ஏழு என்று எழுதியிருக்கிறேன். வந்தாலும் வருவார்கள். போன நவம்பரில் நீங்கள் முறைத்த முறைப்பில் சோதிக்க வந்த அம்மா, நாம் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். இந்த முறை கொஞ்சம் சிரித்துக் கொடுங்கள்.

ராசு அண்ணனுக்குக் கால் சுளுக்கவில்லையே?

உங்கள் அம்மிணி,
பிரியா


பெங்களூரு,
11-4-2024

அப்பாவுக்கு,

மலர்விழி அக்கா, இதை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. மார்ச் 27 காலையில் சோதனைக்கு வந்ததாகவும், நான் வீட்டில் இல்லை என்றும் அதில் இருக்கிறது. நான் இருந்தேன், அப்பா. பின்னால் தொட்டியடியில் மஞ்சள் தண்ணீர் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் சாமி படத்துக்குக் கீழே கிடந்தது. அவர்கள் போன் செய்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயமும் இல்லையாம்.

உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இதற்கு முன்னால் இரண்டு தடவை தவறிவிட்டது. ஜூனில் முகாமை ஊட்டிக்கு மாற்றினார்கள், நான் விலாசத்தை மாற்றி எழுத மறந்துவிட்டேன். செப்டம்பரில் ரயில் தாமதம். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று மறைத்தேன். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை ஆள் இல்லை என்றால், மருந்து சாப்பிட்டுப் பிடிபட்டதற்குச் சமம். இரண்டு வருஷம் எங்கும் நடக்க முடியாது. பாரீஸ் இல்லை.

அன்று காலை நாய் குரைத்தது எனக்கு நினைவிருக்கிறது. யார் என்று கேட்டேன். பால்காரன் என்றீர்கள். வேறு யாராவது வந்தார்களா? நன்றாக யோசித்து, உங்கள் ரேகை வைத்து அனுப்புங்கள். உங்கள் ஞாபகத்தை விடப் பெரிய சாட்சி எனக்கு இல்லை. அதைத்தான் விசாரணையில் கொடுக்கப் போகிறேன்.

பிரியா


வேலாத்தாகாடு,
16-4-2024

என் அம்மிணிக்கு,

உன் கடுதாசி வந்தது. அன்று காலை ஐந்து மணியிலிருந்து நான் வாசலில்தான் இருந்தேன். கேட்டுக்குத் தோரணம் கட்டினேன். ஆறேகாலுக்குப் பால்காரன் வந்தான், நீலக் கட்டம் போட்ட லுங்கி, கேன் மூடி ஒன்று தொலைந்துவிட்டது என்று புலம்பினான். நாய் அவனைப் பார்த்துத்தான் குரைத்தது. ஏழு மணிக்குப் பூக்காரி. ஏழே முக்காலுக்கு டிராக்டர். வேறு ஒரு ஈ காக்கை வரவில்லை. எந்தச் சபையிலும் சொல்வேன்.

முன்னே இரண்டு தடவை தவறியதை ஏன் அம்மிணி என்னிடம் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

இங்கே வெயில் அதிகம். எருமை பால் குறைத்துவிட்டது.

மயில்சாமி
(இடது பெருவிரல் ரேகை)

(பிரியா, இதைச் சொல்லும்போது மாமா மூன்று முறை எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். உன்னை நினைத்துத்தான் கலங்குகிறார். தைரியமாக இரு. - மலர்விழி)


பெங்களூரு,
8-6-2024

அப்பாவுக்கு,

நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷம். முகாமில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் தோழியின் அறைக்கு வந்துவிட்டேன். விலாசம் பின்புறம் இருக்கிறது.

உங்கள் ரேகை வைத்த கடிதத்தை நான்தான் என் கையால் கொடுத்தேன். அவர்களிடம் ஒரு போட்டோ இருந்தது. காலை ஆறு மணி பதினொரு நிமிஷம் என்று அதிலேயே நேரம் விழுந்திருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதவில்லை. இந்தக் கடிதத்தை யார் படித்துக் காட்டுவார் என்று எனக்குத் தெரியும். அந்தப் போட்டோவில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை.

மேல்முறையீட்டுக்கு ஜூன் 28 வரை நேரம் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லும் ஒரு கடிதம் கிடைத்தால் இன்னும் ஒரு முறை போராடிப் பார்க்கலாம் என்கிறார் வக்கீல். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லி எழுதுங்கள், அப்பா. 28-க்குள் வந்தால் போதும்.

காத்திருக்கிறேன்.

பிரியா


ஓமலூர்,
3-7-2024

என் தாயி சண்முகப்பிரியாவுக்கு,

இந்தக் கையெழுத்து உனக்குப் புதிது. ஓமலூர் தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதுகிற ஐயா ஒருவர் எழுதுகிறார். அவருக்கு என்னைத் தெரியாது, உன்னையும் தெரியாது. அதற்காகத்தான் மூன்று பஸ் மாறி இங்கே வந்தேன்.

எழுதத் தெரிந்தவன் தப்பு செய்தால் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிவிடலாம். நான் ஒன்றை எழுத வேண்டுமென்றால் அதை முதலில் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மலர்விழி முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை, சாமி. குடம் எடுக்க வைத்துத் தன் குழந்தை வாழ்க்கையையே கெடுத்தான் என்று அவள் பார்ப்பாளே என்று இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கேட்டருகே வந்தார்கள். நவம்பரில் வந்த அதே அம்மா, கூட ஒரு ஆள், கையில் நீலப் பெட்டி. அந்த அம்மா அன்று உன்னோடு கழிவறைக்குள் வந்து, கதவைச் சாத்த விடாமல் பார்த்துக்கொண்டு நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. நீ கையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாய். குடம் தொடப் போகும் உடம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதா, அந்தப் பெட்டிக்குள் அதைப் பிடித்து வைப்பதா என்று எனக்கு மனசு கூசியது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வரட்டும் என்று நினைத்தேன்.

"சண்முகப்பிரியா இருக்காங்களா ஐயா?"

"ஆள் ஊர்ல இல்லீங்க. நேத்தே ஈரோட்டுக்குப் போயாச்சு. நாளைக்கு வாங்க."

"நல்லாத் தெரியுங்களா? ஏழு மணி வரைக்கும் நாங்க இருப்போம்."

"நின்னா மட்டும் இல்லாத ஆளு எப்படீங் வரும்?"

நாயை அவிழ்த்துவிட்டுக் கேட்டைப் பூட்டினேன். அப்போதுதான் அந்த ஆள் போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்தான். நீ பின்னாலிருந்து "யாருங்கப்பா?" என்று கேட்டாய். "பால்காரன், சாமி" என்றேன். ஏழு மணிவரை தெருமுனையில் கார் நின்றது. நான் பார்த்துக்கொண்டேதான் தோரணம் கட்டினேன்.

என் ஆயுசு முழுக்க இதைச் சொல்லியிருக்கிறேன். மீட்டர் பார்க்க வருகிறவன், கணக்கெடுக்க வருகிறவன், ஓட்டுக் கேட்க வருகிறவன், யாராக இருந்தாலும் ஆள் ஊரில் இல்லை என்றால் மறுநாள் வருவான். சர்க்கார் ஆள் ஒரு தடவையோடு விட்டதை நான் பார்த்ததில்லை. இது மூன்றாவது சிவப்புச் சீட்டு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அம்மா காலைக் கழுவி உள்ளே கூட்டி வந்திருப்பேன். நீ மறைத்தாய் என்று குறை சொல்லவில்லை. சண்டிகரில் நீ மிச்சம் பிடித்தது ஏழு விநாடி. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவுகூட ஆகவில்லை.

ஏப்ரலில் நீ கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முதல் தப்பை விடப் பெரிய தப்பு.

உன் கடுதாசி கிடைத்து ஜூன் 19 அன்று இங்கே வந்தேன். இந்த ஐயா "என்ன மனுங்க?" என்று கேட்டார். முதியோர் பென்ஷன் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டேன். 26 மறுபடி வந்தேன். எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று எழுதச் சொன்னேன். "உங்க ஊரு பள்ளிபாளையம் பக்கமுங்களே, அந்த மனுவை ஏனுங் ஓமலூர்ல குடுக்கறீங்க?" என்றார். நான் பஸ் ஏறிவிட்டேன். இன்று மூன்றாவது. 28 தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். உன் நேரம் ஒன்றையும் மறக்காதவனுக்கு இந்தத் தேதியா மறக்கும்?

ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார். அதையும் எழுதுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி உன் பந்தயத்தை மலர்விழி வீட்டு டிவியில் பார்க்கலாம் என்றிருந்தேன். இனி எந்த முகத்தோடு பார்ப்பேன்? ஒரு வரி எழுது, தாயி. திட்டியாவது எழுது. அதை யார் படித்துக் காட்டினாலும் சரி, ஊரே கேட்டாலும் சரி.

உன் அப்பன்,
மயில்சாமி
(இடது பெருவிரல் ரேகை)


பெங்களூரு,
2-8-2024

அன்புள்ள மலர்விழி அக்காவுக்கு,

இது உங்களுக்கு மட்டும். அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

அவருடைய கடிதம் ஒன்று வந்தது. உங்கள் கையெழுத்து இல்லை. அதில் என்ன இருந்தது என்று அவரிடம் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், முகத்தில் எதையும் காட்டாதீர்கள். நாலு தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். 'அப்பாவுக்கு' என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. முதலில் நடந்ததற்கு என் மனதில் கோபம் எப்போதோ போய்விட்டது. பிறகு நடந்தது போகமாட்டேன் என்கிறது. நான் அவர் ஞாபகத்தை நம்பி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்குள் போனேன், அக்கா.

நேற்றுப் பந்தயம் நடந்த நேரத்தில் இந்த அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். இங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தரும் வேலை கிடைத்திருக்கிறது. விலாசத்தை இப்போது எழுதவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். கையில் கட்டிய காப்பு இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஆற்றில் விட வேண்டும் என்பார்கள். அதற்கும் ஊருக்கு வர வேண்டும்.

அவருக்குப் பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று. ஞாபகம் அதிகம் என்று பெயர், இதை மட்டும் மறந்துவிடுவார். வாரத்துக்கு ஒரு முறை நான் உங்களுக்குப் போன் செய்கிறேன். அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் அவர் இருந்தால் எடுக்க வேண்டாம்.

தினமும் சாயங்காலம் அங்கன்வாடி வாசலில் வந்து நிற்பார் என்று எனக்குத் தெரியும். "அம்மிணிகிட்ட இருந்து ஏதாச்சும் வந்துச்சா, மலரு?" என்பார். அவரிடம் ஆள் ஊரில் இல்லை என்று சொல்லுங்கள், அக்கா.

நாளைக்கு வாங்க என்று சொல்லுங்கள்.

பிரியா