அந்தப் பெயர் என்னிடம் இருக்கட்டும்

இறக்கக்கண்டி,
செப்டெம்பர், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ரிஷாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சாச்சி லைலா எழுதுகிறேன். கத்தார் வெயிலில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே உன் உம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடி, இப்போது கொஞ்சம் பரவாயில்லை. உன் பெண்சாதி ரிஸ்லாவும் பிள்ளையும் நல்ல சுகம். போனில் என் குரல் கேட்டவுடன் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து போகிற ஜெமீலிடம் கொடுத்து விடுகிறேன். இதையும் வாசிக்காமல் மடித்து வைத்துவிடாதே.

பெயர் விசயமாகத்தான் எழுதுகிறேன். பிள்ளைக்கு அர்ஷாக் என்று என் மகனின் பெயரை வைக்கச் சொல்லி ரிஸ்லாவிடம் சொல்லியிருக்கிறாய். உன் உம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்து, "லைலா, நீ ஓமெண்டு சொன்னாத்தான் வைப்பம்" என்றா. அர்ஷாக் கடலில் மௌத்தான பிறகு உன் உம்மா, என் ரிப்கா ராத்தா, என் வாசலில் ஏறினது அன்றைக்குத்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகு வேலி. அதைத் தாண்டி வர அவவுக்கு இத்தனை மாதம் சென்றது. நான் "ரிஷாத்துக்கு நானே பதில் சொல்லுறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முடி இறக்கி, நாற்பதாம் நாளும் கழிந்துவிட்டது. பிள்ளையை இன்னும் எல்லாரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பதிலைச் சொல்வதற்கு முதல் சில கதைகள் இருக்கின்றன.

சுனாமியில் அவனுடைய வாப்பா போன பிறகு, அர்ஷாக் கிணற்றடிக்குக்கூடத் தனியே போகமாட்டான். நீதான் அவனைப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணிக்குள் தள்ளிவிட்டாய். அன்றைக்குக் கூட்டுகிற ஈர்க்குக் கட்டை எடுத்து உன்னை அடித்தது நான். அடுத்த நாள் தம்பிக்காரன் அவனே உன் கையைப் பிடித்து இழுத்தான், "நானா, இன்னொருக்காத் தள்ளுங்கோ" என்று. அந்தப் பயம் போகாமல் இருந்திருந்தால் அவன் நேவிப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டான். இதை நான் குற்றமாக எழுதவில்லை மகன். நினைவு வருகிறது, எழுதுகிறேன்.

அவன் பயிற்சி முடித்து ஒபிசராக வந்த அன்று எனக்குத் துணைக்கு வந்தவனும் நீதான். தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி உன் தலையில் வைத்துப் படம் எடுத்தான். "சாச்சி, இப்ப ஆர் லெப்டினன்ட்?" என்று கேட்டு நீ சிரித்தாய். அந்தப் படம் என் அலுமாரிக் கதவில் ஒட்டியபடி இருக்கிறது.

முதலில் அவனைத் தெற்கே காலியில்தான் போட்டார்கள். நான் தனியாக இருக்கிறேன் என்று போனில் அழுததில், அவன் கேட்டுத் திருகோணமலைக்கு மாற்றிக்கொண்டு வந்தான். வந்த இடத்தில் அவனுக்குக் கொடுத்த வேலை, டைனமைட் வெடித்துக் கள்ளமாக மீன் பிடிக்கிற போட்டுகளைப் பிடிப்பது. காலியில் இருந்திருந்தால் யாருடைய போட்டையோ பிடித்திருப்பான். இங்கே அவன் பிடித்தது உன் போட்டை.

அந்த வழக்குக்கு நீ கோட்டுக்குப் போய் வந்த அன்று ராத்தா வேலிக்கு மேலால், "உன்ட மகன் தொப்பி போட்ட உடனே எங்கட பிள்ளைகள் எல்லாம் கள்ளனாப் போயிட்டாங்களா லைலா?" என்று கேட்டா. அர்ஷாக்கிடம் கேட்டேன், கண்டும் காணாதது மாதிரி விட்டிருக்க ஏலாதா என்று. அவன் சொன்னான், "உம்மா, நானாவ விட்டுட்டு நாளைக்கு றுவைஸைப் பிடிச்சா, றுவைஸ்ட உம்மா உங்கட முகத்தப் பார்ப்பாவா?" என்று. றுவைஸ் உன் போட்டில் வருகிறவன்தானே, எப்படியும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிடிபடுவீர்கள் என்றேன். அவன் சிரித்துவிட்டான். சிரித்தாலும் அன்று சோறு தின்னவில்லை.

அதற்குப் பிறகு ஒரு லீவுக்கு வந்தபோது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைவலை இழுக்கப் போனான். கயிற்றில் கை வைத்த ஆளுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது வழக்கம். வலைக்காரர் கலீலுர் றஹ்மான், "ஐயா தள்ளி நில்லுங்கோ, கயிறு பட்டா நேவிக் கை நொந்திடும்" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்களாம். நீயும் அந்தக் கயிற்றில் நின்றாய். அவன் கடைசிவரை இழுத்துவிட்டு வெறும் பையோடு வந்தான். அன்று நான் பருப்பும் முட்டையும் சமைத்தேன். இப்போது வலை இறங்குகிற நாளெல்லாம் அவர் என் வாசலில் மீன் கொண்டுவந்து வைக்கிறார். நான் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பஸ்னாவுக்குக் கொடுத்துவிடுகிறேன். என் சட்டியில் போட மனம் வருகுதில்லை.

இனி அந்த நாளைப் பற்றி. மகன், எனக்குத் தெரியும். றுவைஸ் வந்து எல்லாம் சொல்லிவிட்டான். காற்று வருகிறது, கரைக்குப் போங்கோ என்று சொல்லிக்கொண்டு அர்ஷாக்கின் போட் காலையில் புறாமலைத் தீவுப் பக்கம் போனபோது நீங்கள் கண்டிருக்கிறீர்கள். உங்கள் எஞ்சின் அப்போதே பழுது. கை காட்டியிருந்தால் வந்திருப்பான். போட்டுக்குள் டைனமைட் இருந்தபடியால் இரண்டு பேரும் குனிந்து படுத்துவிட்டீர்கள். கடல் எழும்பின பிறகுதான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வலைக்காரருக்குப் போன் பண்ணினீர்கள். அவர் நேவிக்குச் சொன்னார். அர்ஷாக் கரைக்கு வந்தவன் திரும்பிப் போனான். உங்கள் போட் கவிழ்ந்து, உன் கால் வலைக்குள் சிக்கியிருக்க, அவன் கத்தியோடு பாய்ந்து வெட்டி உன்னை மேலே தள்ளினான். அடுத்த அலை அவனைப் பாறையில் அடித்தது.

இதை ராத்தாவுக்கு நான் சொல்லவில்லை. ரிஸ்லாவுக்கும் சொல்லவில்லை. றுவைஸுக்கும் வாயை மூடச் சொல்லிவிட்டேன்.

நான் யோசிப்பது ஒன்றுதான். நீ காலையில் கை காட்டியிருந்தால் அவன் உன்னைத் திரும்பவும் பிடித்து அடைத்திருப்பான். ஊரே எங்களை ஏசியிருக்கும். நானும் ராத்தாவும் சண்டை பிடித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறி, உனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு வந்திருப்போம். வீட்டுக்கு வந்து நான் அவனோடு கதைக்காமல் இருந்திருப்பேன். அந்தச் சண்டை எல்லாம் எனக்குக் கிடைக்காமல் போய்விட்டதே என்றுதான் மனம் கிடந்து அடிக்கிறது.

அவனோடு போட்டில் போன திலான் என்கிற சிங்களப் பெடியன் லீவுக்குப் போகும்போதும் வரும்போதும் என்னிடம் வருகிறான். அர்ஷாக்கை இழுக்கக் கை நீட்டி எட்டாமல் போனவன் அவன்தான். எனக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு என் பாஷை அரைகுறை. குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். அவன் வருகிறான். நீ கத்தாருக்குப் போகும்போதுகூட வரவில்லை.

பெயர் விசயத்துக்கு வருகிறேன். அந்தப் பெயரை வைக்காதே மகன்.

அந்தப் பெயரை வைத்தால் பிள்ளையை உன்னால் ஏச ஏலாது. ராத்தா கை ஓங்கமாட்டா. ஒருவரும் ஏசாத பிள்ளை எப்படி வளரும்? ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் நீ தண்ணிக்குள் போய் வருவாய். பிள்ளை கடன் அடைக்க வந்தவன் இல்லை, அவன் பாட்டுக்கு வந்தவன். இன்னொன்றும் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது அர்ஷாக் என்று கூப்பிட்டால் நான் எழும்பி வாசலுக்குப் போய்விடுவேன். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதை ஒவ்வொரு நாளும் என்னால் ஏலாது. அந்தப் பெயர் என்னிடம் இருக்கட்டும்.

மாரி முடிந்து, வலை இறங்குவதற்கு முதல், லீவு எடுத்துக்கொண்டு வா. வந்து உன் பிள்ளையை மடியில் வைத்து, நீயே பார்த்து ஒரு பெயர் வை. குழப்படி செய்தால் ஏசு. பயந்தால் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. இந்த முறை நான் ஈர்க்குக் கட்டை எடுக்கமாட்டேன். கரைவலைக் கயிற்றில் நின்று இழு. உன் பங்கு மீனைக் கொண்டு வந்து தா, நான் சமைக்கிறேன்.

வருகிற அன்று முதலில் என் வீட்டுக்கு வா. பின்பக்கம் வேலியால் வராதே. முன் வாசலால் வா, ஆட்கள் பார்க்கட்டும்.

அல்லாஹ் உன்னைக் கரையிலும் கடலிலும் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் வருகையைப் பார்த்திருக்கும்,
சாச்சி லைலா.